இரகசியம் தேடும் வாசகர்

மேற்குத் தாம்பரத்தில் அன்பர் ஒருவரின் இல்லத்தில் மாதம் ஒருமுறை மஃரிபுத் தொழுகைக்குப் பின் கூடி நூல்களைப் பற்றி உரையாடுவது எங்கள் வழக்கம். ஓய்வுபெற்ற வங்கி அலுவலர், பள்ளி ஆசிரியை, பல்லாவரத்துத் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் கணக்கெழுதுபவர், கல்லூரி மாணாக்கர் எனப் பலதரத்தாரும் அதில் உண்டு. இத்தாலிய அறிஞர் உம்பர்த்தோ எக்கோ 1988ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஃபூக்கோவின் ஊசல்’ என்னும் நாவலை, 1989இல் வெளிவந்த வில்லியம் வீவரின் ஆங்கில மொழிபெயர்ப்பில், அக்கூட்டத்தாருக்கு நாம் படிக்கக் கொடுத்தோம். அறுநூறு பக்கங்களைக் கடந்த அந்நூல் சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர் என்று வீடு வீடாகச் சுற்றி, அட்டை கிழிந்து, ஓரத்தில் தேநீர்க் கறையோடு எம்மிடம் திரும்பி வந்தது. அதனோடு வந்து சேர்ந்த கருத்துகளே இக்கட்டுரையை எழுதத் தூண்டின.

ஒருவர், “நூறு பக்கத்தைத் தாண்ட முடியவில்லை பாய், படிப்பவனைத் துன்புறுத்தவே எழுதியிருக்கிறார்” என்றார். மற்றொருவர், “முஸ்லிம்களை இழிவு செய்யும் நூல்; இதனை ஏன் வீட்டுக்குள் கொண்டுவந்தீர்கள்?” என்று சினந்தார். மூன்றாமவரோ கண்கள் பளபளக்க, “நாம் இதுகாறும் சொல்லி வந்தது மெய்யாயிற்றே! உலகத்தை ஆட்டிவைக்கும் இரகசியக் கூட்டம் ஒன்று உண்டு என்பதை இவ்வளவு பெரிய பேராசிரியரே எழுதிவிட்டார்” என்றார். முதலிருவரோடு நமக்கு இருப்பது கருத்து வேறுபாடு. மூன்றாமவரோடு இருப்பது வழக்கு. ஏனெனில் அவர் ஒருவரல்லர். நம் இல்லங்கள்தோறும் அவர் இருக்கிறார். சில வேளைகளில் நமக்குள்ளேயே இருக்கிறார்.

நாவலின் கதையை முதலில் சுருங்கச் சொல்லிவிடுவோம். மிலான் நகரத்துப் பதிப்பகம் ஒன்றில் காசோபோன், பெல்போ, தியோத்தாலெவி என்னும் மூவர் பணியாற்றுகின்றனர். அப்பதிப்பக முதலாளி ஒரு வாயிலில் மதிப்புள்ள நூல்களை விற்பவர். மறுவாயிலில், தம் பணத்தைத் தாமே கொட்டித் தம் நூலை அச்சிட்டுக்கொள்ளும் அப்பாவிகளைக் கறப்பவர். மந்திரம், மறைபொருள், இரகசியச் சங்கம் என்று எழுதிக் குவிப்போரின் கையெழுத்துப் படிகளைப் படித்துச் சலித்த மூவரும் விளையாட்டாகத் தாங்களே ஒரு சதியைப் புனைகின்றனர். சிலுவைப் போர்களின் காலத்தில் தோன்றி 1312இல் கலைக்கப்பட்ட டெம்ப்ளர் வீரர்கள் பெரும் இரகசியம் ஒன்றை ஆறு நாட்டுக் குழுக்களிடம் விட்டுச் சென்றதாகவும், அக்குழுக்கள் 120 ஆண்டுகளுக்கு ஒருமுறை சந்தித்து அதனைக் கைமாற்றி வருவதாகவும் கதை கட்டுகின்றனர்.

1584ஆம் ஆண்டுச் சந்திப்பு தவறிப்போனதாம். அதற்கு அவர்கள் கண்டுபிடிக்கும் காரணம் சுவையானது. 1582இல் போப்பாண்டவர் நாட்காட்டியிலிருந்து பத்து நாள்களை நீக்கினார். பிரான்சு அதனை ஏற்றது, இங்கிலாந்து ஏற்கவில்லை. ஆகவே ஒரு சாரார் வந்து காத்திருந்த நாளில் மறு சாரார் வரவேயில்லை! பிறைக் கணக்கு மாறியதால் ஒரே தெருவில் இரண்டு பெருநாள் கண்டு பழகிய நாம் இவ்விடத்தில் வாய்விட்டுச் சிரித்திருக்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் சிரித்தவர் பள்ளி ஆசிரியை ஒருவர்தாம். ஏனையோர் ஆண்டுகளைக் குறித்துக்கொண்டிருந்தனர்.

விளையாட்டு வினையாகிறது. மூவரும் புனைந்ததை மெய்யென நம்பிய கூட்டம் ஒன்று கிளம்பி, இரகசியத்தைச் சொல் என்று பெல்போவைப் பாரிசு நகரத்து அருங்காட்சியகத்தில், ஃபூக்கோவின் ஊசலிலேயே தூக்கிலிட்டுக் கொல்கிறது. சொல்வதற்கு அவனிடம் இரகசியம் ஏதுமில்லை. சதி முழுவதற்கும் மூலமாகக் கருதப்பட்ட பழஞ்சுவடி, வணிகன் ஒருவன் சரக்கு ஒப்படைப்பதற்காக எழுதி வைத்த குறிப்பாகவே இருக்கக்கூடும் என்று காசோபோனின் துணைவி லியா முன்னரே எளிமையாக விளக்கியிருக்கிறாள். அவள் சொல்லைக் கேட்டிருந்தால் உயிர்ச்சேதம் இல்லை. நூலின் சாரம் இவ்வளவே.

இனி வாசகர்களிடம் வருவோம். ‘கடினம்’ என்று நூலை மூடியவரை நாம் குறை கூறோம். ஆங்கில எழுத்தாளர் ஆண்டனி பர்ஜஸ் இந்நாவலுக்குச் சொல்லடைவு ஒன்று வேண்டும் என்றார். சல்மான் ருஷ்டி இதனை மிகக் கடுமையாகத் தாக்கி மதிப்புரை எழுதினார். பெரும்புலவர்க்கே செரிக்காத நூல் நமக்குச் செரிக்கவில்லை என்றால் வெட்கமில்லை. 120 அத்தியாயங்கள், முதல் அத்தியாயத்தின் முகப்பிலேயே மொழிபெயர்க்காத ஹீப்ரு வாசகம்! ஆயினும் ஒன்றைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. 1572இல் அரங்கேறிய ‘ஆயிர மசலா’வையும், உமறுப் புலவரின் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்கள் கொண்ட சீறாப்புராணத்தையும் உரை சொல்லக் கேட்டு இரவுகளைக் கழித்த முன்னோரின் பிள்ளைகள் நாம். அவர்கள் புரியாத சொல்லைக் கண்டு நூலை மூடவில்லை. புரிந்தவரைத் தேடிச் சென்றனர். நம் வீடுகளிலிருந்து அப்பொறுமை விடைபெற்ற இடத்திலேதான், நான்கு வரியில் உலக இரகசியத்தைச் சொல்லிவிடும் கைபேசிச் செய்தி வந்து அமர்ந்திருக்கிறது.

‘முஸ்லிம்களை இழிவு செய்கிறது’ என்றவருக்கும் மறுமொழி உண்டு. அலமூத் கோட்டையின் இஸ்மாயீலியர், கஞ்சாப் புகை, பொய்ச் சுவர்க்கத் தோட்டம், கொலைக்கு அனுப்பப்படும் இளைஞர் என்ற பழங்கதை நாவலில் வருவது மெய்யே. ஹசன் இப்னு ஸப்பாஹ் 1090இல் அலமூத்தைக் கைக்கொண்டார். 1256இல் ஹுலாகுவின் மங்கோலியப் படை அதனை அழித்தது. இவை வரலாறு. தோட்டமும் புகையும் மார்க்கோ போலோ போன்றோர் வழியாக ஐரோப்பாவில் பரவிய கட்டுக்கதை என்பதை ஃபர்ஹாத் தஃப்தரீ 1994இல் வெளியிட்ட ஆய்வு நூல் விரிவாக எடுத்துக் காட்டுகிறது. ஆனால் நாவலில் அக்கதையைச் சொல்வோர் யார்? எதையும் எதனோடும் முடிச்சுப் போடும் பித்தர்களும், அவர்களை எள்ளி நகையாடப் புகுந்து தாமே பித்தரானவர்களும். பாத்திரத்தின் பிதற்றலை ஆசிரியரின் தீர்ப்பாகக் கொள்வது, நாடகத்தில் இராவணன் வேடமிட்டவனைத் தெருவில் மறித்து அடிப்பதை ஒக்கும். சினந்தவரும் நம்பியவரும் எதிரெதிர்த் திசையில் நிற்பது போலத் தோன்றினும் இருவர் செய்த பிழையும் ஒன்றே: அங்கதத்தை ஆவணமாகப் படித்தனர்.

இப்பிழை தாம்பரத்தில் தொடங்கியதன்று. எக்கோவே சுவையான நிகழ்ச்சி ஒன்றைத் தம் சொற்பொழிவுகளில் கூறியிருக்கிறார். காசோபோன் 1984 ஜூன் 23ஆம் நாள் நள்ளிரவில் பாரிசு வீதிகளில் நடந்து செல்வதாக ஓர் அத்தியாயம் உண்டு. வாசகர் ஒருவர் அந்நாளையச் செய்தித்தாள்களைத் தேசிய நூலகத்தில் தேடிப் பார்த்து, அவ்வழியில் ஒரு தெரு முனையில் அன்றிரவு தீவிபத்து நிகழ்ந்திருக்க, காசோபோன் அதனைக் காணாதது எப்படி என்று ஆசிரியருக்குக் கடிதம் எழுதினாராம்! நூலகத்தில் அத்துணை உழைத்த அவ்வாசகர், காசோபோன் என்றொருவன் பிறக்கவேயில்லை என்பதை மட்டும் மறந்தார். டான் பிரவுனைப் பற்றிக் கேட்டபோது, அவர் தம் நாவலில் தாம் படைத்த பாத்திரமே என்று எக்கோ நகைத்தார். அந்த டான் பிரவுனின் ‘டாவின்சி கோட்’ 2003இல் வெளிவந்தது. 2006இல் அதன் திரைப்படத்திற்குத் தமிழ்நாட்டில் தடை விதிக்கப்பட்டு, பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் அதனை நீக்கியது. எக்கோவைப் பாதியில் விட்ட நண்பர்கள் அதனைக் கடற்கரை–தாம்பரம் மின்தொடரில் இரண்டே நாளில் படித்து முடித்தனர். இரகசியம் உண்டு என்று சொல்லும் நூல் இனிக்கிறது; இரகசியம் இல்லை என்று சொல்லும் நூல் கசக்கிறது.

இனி நம் வழக்கின் உயிர்நாடிக்கு வருவோம். மூன்றாமவர் எதனை மெய்யென நம்பினார்? ‘சீயோன் மூத்தோரின் நெறிமுறைகள்’ என்ற பெயரில் உலவும் பொய்நூலை. நாவலில் அதுவும் வருகிறது, பொய்யாகவே வருகிறது. அதன் பிறப்பை நம் வாசகர் அறிந்துகொள்ள வேண்டும். 1864இல் மோரீஸ் ஜோலி என்னும் பிரெஞ்சு வழக்கறிஞர், மூன்றாம் நெப்போலியனின் ஆட்சியைச் சாட, மாக்கியவெல்லியும் மொந்தெஸ்கியூவும் நரகத்தில் உரையாடுவதாக ஓர் அங்கத நூல் எழுதினார். அதற்காகச் சிறையும் சென்றார். அந்நூலில் யூதரைப் பற்றிய பேச்சே இல்லை. 1903இல் ருஷ்யாவில் வெளிவந்த ‘நெறிமுறைகள்’, அந்நூலின் பகுதிகளைத் திருடி யூதத் தலைவர்களின் வாயில் திணித்தது. 1921இல் இலண்டன் ‘டைம்ஸ்’ இதழின் செய்தியாளர் பிலிப் கிரேவ்ஸ் இரு நூல்களையும் அருகருகே வைத்துக் களவை வெளிப்படுத்தினார். அமெரிக்காவில் மோட்டார் முதலாளி ஹென்றி போர்டு அப்பொய்யைத் தம் பத்திரிகையில் பரப்பி, 1927இல் மன்னிப்புக் கேட்டார். ஆயினும் பொய் நிற்கவில்லை. நாஜிகளின் கையில் அது கொலைக்கருவியாயிற்று. கொடுங்கோலனைச் சாட எழுந்த அங்கதம், ஓர் இனத்தையே அழிக்கும் சூழ்ச்சிக்குச் சான்றாயிற்று. எக்கோ நமக்கு அறிவுறுத்த விரும்பியதும் இவ்வாபத்தையே.

“பாலஸ்தீன மக்களுக்கு இழைக்கப்படும் கொடுமையை மறந்து யூதருக்கு வக்காலத்து வாங்குகிறீரே” என்று நண்பர் எம்மைக் கேட்டார். மறக்கவில்லை. அம்மக்களின் துயரத்திற்குச் சான்று வேண்டுமா? 1917ஆம் ஆண்டின் பால்போர் அறிவிப்பு இருக்கிறது. 1948இல் தம் ஊர்களிலிருந்து பெயர்ந்த எழுநூறாயிரத்துக்கும் மேற்பட்டோரின் கணக்கு இருக்கிறது. ஐக்கிய நாடுகள் அவையின் தீர்மானங்கள் இருக்கின்றன. உண்மை இத்தனை வலுவாக நம் பக்கம் நிற்க, திருட்டு நூலைத் துணைக்கு அழைப்பது எதற்காக? பொய்ச்சாட்சியை ஏற்றியவன் மெய்யான வழக்கையும் தோற்பான். ஓர் அரசின் கொடுமையை ஓர் இனத்தின் பிறவிக் குணமாக்கிப் பேசும் அக்கணத்திலேயே, நம்மைப் பற்றி அவ்வாறு பேசுவோரை எதிர்க்கும் உரிமையை நாம் இழந்துவிடுகிறோம்.

ஏனெனில் சதிக்கதையின் சாட்டை எப்படி இருக்கும் என்பதை நம்மினும் அறிந்தவர் யார்? 2020 மார்ச்சில் தில்லி நிஜாமுத்தீன் மர்க்கஸில் நிகழ்ந்த கூட்டத்தின் பின், கொள்ளைநோயையே முஸ்லிம்கள் திட்டமிட்டுப் பரப்பியதாக நாடெங்கும் கதை எழுந்தது. தமிழ்நாட்டிலிருந்து சென்று திரும்பியோரும் அக்கூட்டத்தில் பலர். தாம்பரத்திலும் பம்மலிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் பால் வாங்கச் சென்ற கடையில் பெற்ற பார்வைகளை நாம் மறந்திருக்க மாட்டோம். அவ்வாண்டு ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு, வெளிநாட்டவர் 29 பேர் மீதான வழக்கை நீக்கி, அவர்கள் பலிகடாக்கள் ஆக்கப்பட்டனர் என்று கருத்துரைத்தது. கதையைப் பரப்பியோரில் எத்தனை பேர் தீர்ப்பைப் பரப்பினர்? அன்று நாம் அழுதோம். அதே கைபேசியில், அதே விரலால், வேறோர் இனத்தைப் பற்றிய அதே வகைக் கதையை இன்று நாம் அனுப்புகிறோம்.

கதைதானே, போகட்டும் என்று விட இயலாது. 2018 மே மாதம், பிள்ளை பிடிப்போர் வந்திருப்பதாக வாட்ஸ்அப்பில் பரவிய வதந்தியை நம்பிய கூட்டம், சென்னையிலிருந்து உறவினருடன் கோயிலுக்குச் சென்ற மூதாட்டி ஒருவரைத் திருவண்ணாமலை மாவட்டத்தில் அடித்தே கொன்றது. வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததே அவ்வம்மையார் மீது ஐயம் எழக் காரணம் என்று சொல்லப்பட்டது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லாத் தடுப்பூசி இயக்கம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது, அதுவும் அந்நியச் சதி என்ற பேச்சு எழுந்தது. பெற்றோர் அஞ்சிப் பின்வாங்க, இயக்கத்தின் காலத்தையே நீட்டிக்க வேண்டியதாயிற்று. கருவுற்ற தாயை ரூபெல்லா தொற்றினால் பிறக்கும் குழந்தை செவிடாகவோ, குருடாகவோ, இதயக் கோளாறோடோ பிறக்கக்கூடும் என்பதை அவ்வதந்திகள் சொல்லவில்லை. அவற்றுள் ஒன்று எங்கள் வாசகர் கூட்டத்தின் கைபேசிக் குழுவிலும் வந்தது. அனுப்பியவர் நல்லவர், படித்தவர். நாம் அதனைப் படித்தோம், பொய்யென ஐயுற்றோம், ‘எதற்கு வீண் மனத்தாங்கல்’ என்று வாளாவிருந்தோம். அந்த மௌனத்திற்காக இன்றும் வெட்கப்படுகிறோம்.

“அப்படியானால் உலகில் சதியே நடப்பதில்லையா?” என்பது அடுத்த வினா. நடக்கிறது. 1916இல் பிரிட்டனும் பிரான்சும் அரபு நாடுகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொள்ள இரகசிய ஒப்பந்தம் செய்தன. மறு ஆண்டே ருஷ்யப் புரட்சியாளர் அதனை வெளியிட்டனர். 1953இல் ஈரானின் பிரதமர் முஸத்திக்கை வீழ்த்தியதில் அமெரிக்க, பிரிட்டானிய உளவுத் துறைகளுக்குப் பங்குண்டு. பாகிஸ்தானின் அப்போட்டாபாத்தில், 2011இல் உசாமா பின் லாதினைத் தேடி அமெரிக்க உளவுத் துறை பொய்யான தடுப்பூசி முகாம் நடத்தியதும் மெய்யே; அதனால் அந்நாட்டில் போலியோச் சொட்டு மருந்தின் மீதே மக்களுக்கு ஐயம் வளர்ந்தது. இவற்றை நாம் எப்படி அறிந்தோம்? தாள்கள் வெளிவந்தன, பெயர்களும் நாள்களும் கிடைத்தன, சம்பந்தப்பட்டோர் ஒப்புக்கொண்டனர். மெய்யான சதிக்குச் சிலர், சில நாள்கள், ஒரு குறிக்கோள் என்ற எல்லைகள் உண்டு; அது கசியும், பிழைக்கும், தோற்கும். பொய்யான சதியோ எல்லாவற்றையும் விளக்கிவிடும். அதனை மறுக்கும் சான்றையும் சதியின் பகுதி என்றே விழுங்கிவிடும். எந்தச் சான்றாலும் அசைக்கவொண்ணாத கதையைக் கண்டால், அது உறுதி என்று மகிழாமல் அஞ்ச வேண்டும்.

நம் புறநகர் அளித்த பாடம் ஒன்றையும் சொல்வோம். 2015 பெருமழையின்போது, கிழக்குக் கடற்கரைச் சாலையிலுள்ள முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று வதந்தி பரவியது, பண்ணையார் மறுத்தனர், அது பொய். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலன்று, பெருங்களத்தூரை அடுத்த நெடுங்குன்றம் பக்கம் முதலையொன்று சாலையைக் கடக்கும் படம் வந்தது. பழைய அனுபவத்தால் பலர் அதனையும் புளுகென்று தள்ளினோம். அது மெய்! அப்பகுதி நீர்நிலைகளில் முதலைகள் வாழ்வதாக அதிகாரிகளே கூறினர். எல்லாவற்றையும் நம்புவது எத்துணை மடமையோ, எல்லாவற்றையும் மறுப்பதும் அத்துணை மடமை. எது வந்தாலும் விசாரித்தறிவதே அறிவுடைமை.

விசாரணை என்பது நமக்கு அந்நியக் கலையா? செய்தி கொண்டுவருவோன் தீயவனாயின், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துப் பின்னர் வருந்தாதிருக்கும் பொருட்டு, அதனைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு திருமறையின் ‘அல்ஹுஜுராத்’ அத்தியாயம் பணிக்கிறது. கேட்டதையெல்லாம் பிறருக்குச் சொல்வதே ஒருவனைப் பொய்யனாக்கப் போதும் என்ற கருத்தில் நபிமொழியும் உண்டு. இன்னார் இன்னாரிடமிருந்து கேட்டார் என்று அறிவிப்பாளர் தொடரை ஒவ்வொரு கண்ணியாகச் சோதித்தவர்கள் நம் ஹதீஸ்கலை வல்லார். அறிவிப்பவரின் நேர்மை, நினைவாற்றல், அவரும் அவருடைய ஆசானும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா என்பது வரை ஆராய்ந்தனர். 1377இல் தம் முன்னுரை நூலை எழுதிய இப்னு கல்தூன், முன்னைய வரலாற்றாசிரியர்கள் படைகளின் எண்ணிக்கையைப் பல இலட்சங்களாக ஊதிப் பெருக்கியதைக் கணக்குக் கேட்டுக் கண்டித்தார். அத்தகையோரின் வழிவந்தவர்கள், ‘பலமுறை பகிரப்பட்டது’ என்ற முத்திரையைத் தவிர வேறு தொடரில்லாத செய்தியை உறவினர் குழுவில் ஓதுவது எவ்வளவு பெரிய வீழ்ச்சி!

இவ்வீழ்ச்சியிலிருந்து எழவும் நமக்குத் தெரியும். போலியோ மருந்து முஸ்லிம்களை மலடாக்கும் என்று உத்தரப் பிரதேசத்தில் வதந்தி பரவியபோது, உலமாக்களும் அலிகர், ஜாமியா மில்லியா பல்கலைக்கழகங்களும் முன்வந்து வீடு வீடாக ஐயம் தீர்க்கும் பணியில் துணை நின்றனர். 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் இயற்கைப் போலியோக் கிருமியால் எக்குழந்தையும் நோயுறவில்லை. 2014இல் உலக நலவாழ்வு நிறுவனம் அதற்குச் சான்றளித்தது. மிம்பரிலிருந்து சொல்லப்படும் ஒரு மெய், ஆயிரம் வதந்திகளை வெல்லும். ஆனால் அங்கே மெய் சொல்லப்பட வேண்டும்.

ஆகவே நம் குடும்பத்தாரை வேண்டுகிறோம். கைபேசியில் ஒரு செய்தி வந்தால் மூன்று வினாக்களைக் கேளுங்கள்: இதனை முதலில் சொன்னவர் யார்? அவருக்கு இது எப்படித் தெரியும்? இது பொய்யாயின் யாருக்குத் தீங்கு? விடை கிடைக்காத வரையில் விரலை அடக்குங்கள். நண்பர் அனுப்பியது பொய்யெனத் தெரிந்தால் மனத்தாங்கலுக்கு அஞ்சாமல் தனியே அழைத்துச் சொல்லுங்கள், அதுவே நட்பு. கடினமான நூலைக் கண்டால் ஓடாதீர்கள். நால்வர் கூடிப் படியுங்கள். அங்கதத்தைக் கண்டால், யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்று கேளுங்கள். பல வேளைகளில் அது நம்மைப் பார்த்தே சிரிக்கும்.

நாவலுக்குப் பெயர் தந்த ஊசலை 1851இல் பாரிசு நகரத்தில் லியோன் ஃபூக்கோ என்னும் அறிவியலார் தொங்கவிட்டார். நீண்ட கம்பி, கனத்த குண்டு, இவ்வளவுதான். அது ஆடும் தளம் மெல்லத் திரும்புவதைப் பார்த்த பொதுமக்கள், பூமி சுழல்வதைத் தம் கண்ணாலேயே கண்டனர். அதில் இரகசியம் ஏதுமில்லை. வந்தோர் அனைவரும் காணத் திறந்த மண்டபத்தில் ஆடியது. அந்த ஊசலின் அடியில் நின்றுகொண்டு மறைபொருள் தேடியவர்கள்தாம் எக்கோவின் நாவலில் ஒரு மனிதனைக் கொன்றனர். எங்கள் மூன்றாம் நண்பரிடம் அந்நூலை மீண்டும் கொடுத்திருக்கிறோம். லியா பேசும் அத்தியாயத்தில் ஒரு தாளைச் செருகி வைத்திருக்கிறோம். அடுத்த கூட்டத்திற்கு அவர் வருவார் என்றே நம்புகிறோம், வாதிட்டாலும் நன்றே. வாய்மையை விரும்பும் உள்ளத்தை இறைவன் நம் எல்லோருக்கும் அருள்வானாக!